தேய்ந்த பக்கம்

தையல் மெஷினின் மிதியிலிருந்து அக்கா காலை எடுத்தாள். மெஷின் நின்றது. சத்தம் நிற்கவில்லை.

அக்கா என்பது தம்பி ஒருவன் கூப்பிடும் முறைதான். ஆனால் அவன் வாசலில் நின்று கத்திக் கத்திக் கூப்பிட்டதில், தெருவில் அவளைவிட மூத்தவர்கள்கூட இப்போது அவளை அக்கா என்றே அழைக்கிறார்கள். துணி தைக்கக் கொடுக்க வரும் நரைத்த தலைகள் எல்லாம் "அக்கா, எப்ப கிடைக்கும்?" என்று கேட்கும்போது அவளுக்குச் சிரிப்பு வரும். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல மத்தியானம். பின்பக்க அறையில், ஜன்னலை ஒட்டிப் போட்ட மெஷினுக்கு முன்னால், பாதி தைத்த தலையணை உறையை மடியில் வைத்துக்கொண்டு அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் விட்ட மெஷினின் வாசனை, புதுத் துணியின் கஞ்சி வாசனை, இரண்டுக்கும் அடியில் கழுவி விட்ட கல்லின் ஈர வாடை. யாரும் எதையும் கழுவவில்லை.

அது நடக்கிற சத்தம். வெறுங்கால்கள் கல்லில் படுகிற சத்தம். ஒருவர் இல்லை, சில பேர். அவசரமே இல்லாமல், ஓரிடத்துக்குப் போகவேண்டும் என்றுகூட இல்லாமல், சும்மா நடந்துகொண்டிருந்தார்கள். தம்பி கடைக்குப் போயிருந்தான். அவன் வந்திருந்தாலும் அவள் குழம்பியிருக்க மாட்டாள், அவன் நடை ஊரிலேயே தனி. ஒரு கால் ஊன்றும், மற்ற கால் இழுபடும். டக், சர்ர். டக், சர்ர்.

எழுந்து ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தாள். தம்பி புதிதாகப் பாவியிருந்த கல் தளம் வெயிலில் வெறிச்சென்று கிடந்தது. கொடியில் போர்வை அசையாமல் தொங்கியது. ஒரு காக்காய்கூட இல்லை. ஆனால் நடை தொடர்ந்தது. மாடியில் யாராவது நடந்தால் கீழே இருக்கிறவர்களுக்கு எப்படிக் கேட்குமோ, அப்படிக் கேட்டது. அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது. சத்தம் வந்ததும் தலைக்கு மேலிருந்து இல்லை.

தண்ணீர்க் குழாயாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் மிதியில் காலை வைத்தாள். மெஷினை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டினாள்.

அந்தத் தளம் அந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்று சொன்னால்தான் அவள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்பது புரியும். வண்டியில் அடிபட்ட பிறகு தம்பி மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவான். வைக்காவிட்டால் கேட்கமாட்டான். சின்ன வயதில் ஓரிடத்தில் நிற்காமல் சுற்றுகிறான் என்று அவனுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தவளே அக்காதான். அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவளும் அவள்தான். அந்தப் பம்பரம் இப்போது சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தது. அப்புறம் ஒருநாள், போனில் எவனோ எங்கேயோ கல் பாவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் தலையைத் திருப்பி, "அக்கா, நம்ம கொல்லையில இப்படிப் போடலாமா? சாயங்காலம் நாற்காலி போட்டு உக்காரலாம்" என்றான். அந்த ஒரு கேள்விக்காக அவள் மலையையே பெயர்த்து வாங்கித் தந்திருப்பாள்.

கல் கடையில், புதிதாக அறுத்த பாளங்களுக்குப் பின்னால், பழைய கற்கள் ஒரு குவியலாகக் கிடந்தன. நாலு மூலை உள்ள கல் என்று ஒன்றில்லை. ஒவ்வொன்றும் ஒரு கோணல். ஒரு பக்கம் உளி பட்ட சொரசொரப்பு. மறுபக்கம் எண்ணெய் தடவியதுபோல வழுவழுப்பு, நடுவில் லேசான பள்ளம்.

"ஒரு பழைய கட்டடத்தை இடிச்சப்ப வந்தது" என்றார் கடைக்காரர். "என்ன கட்டடம்னு எனக்கும் தெரியாது. எத்தனையோ பேர் நடந்து தேஞ்ச கல்லு, பாத்தாலே தெரியுது பாருங்க."

தம்பிக்கு அதுதான் பிடித்துப்போயிற்று. கல்லை வண்டியில் ஏற்றும்போது கடைக்காரர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மா, தேஞ்ச பக்கம் மேல வரணும். மாத்திப் போட்டுடாதீங்க."

"மாத்திப் போட்டா என்ன ஆகும்?"

"நான் மாத்திப் போட்டதில்லீங்க" என்று சொல்லிவிட்டு, நன்றாகவே கட்டியிருந்த கயிற்றை மறுபடி அவிழ்த்துக் கட்டப் போய்விட்டார்.

அவள் அதைத் தம்பியிடம் சொல்லத்தான் செய்தாள். அவன் தேய்ந்த பக்கத்தைத் தடவிப் பார்த்தான். "அக்கா, இதுல மழை பெஞ்சா நான் எங்க இருப்பேன்? திரும்பவும் ஆஸ்பத்திரியில. அவருக்கு என்ன, ரெண்டு காலும் நல்லா இருக்கு. சொரசொரப்பு மேல இருக்கட்டும்." அவன் கேலி பேசிக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. அவளும் சிரித்துவிட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மண்ணைத் தோண்டி, ஜல்லி கொட்டி இடித்து, அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்து பரப்பி, எந்தக் கோணலுக்கு எந்தக் கோணல் பொருந்தும் என்று பார்த்துப் பார்த்து வைத்தான். ஒவ்வொரு கல்லையும் வைத்ததும் ரப்பர் சுத்தியலால் மூன்று முறை தட்டுவான், தலையைச் சாய்த்துக் கேட்பான். "கீழ காத்து இருந்தா கல்லே சொல்லிடும் அக்கா. 'தப்'னு கேட்டா நல்லா உக்காந்திருக்கு. டொண்ணுன்னா உள்ள காலியா இருக்கு." எல்லாம் தப், தப், தப். வெயிலில் கறுத்தான், இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினான், படுத்ததும் குறட்டை விட்டான். கடைசிக் கல்லை வைத்த அன்று நாற்காலியைப் போட்டு ராஜா மாதிரி உட்கார்ந்தான். அதற்கு அடுத்த நாள்தான் அக்காவுக்கு அந்த நடை கேட்டது.

பிறகு தினமும் கேட்டது. காலையில் கொல்லைக் கதவைத் திறந்தால் அந்த வாடை முகத்தில் அடிக்கும், நிறையப் பேர் ஈரக் காலோடு மிதித்துப் போன இடத்தின் வாடை. வெயில் கொளுத்தும்போதும் கற்கள் சில்லென்று இருந்தன. தம்பி அதைப் பெருமையாகச் சொன்னான். "பாத்தியா, இயற்கைக் கல்லுன்னா சும்மாவா?" அவனுக்கு அந்த நடை கேட்கவில்லை போலும், அல்லது கேட்டும் சொல்லவில்லையோ என்னவோ. அவள் அவனிடம் விசாரிக்கவில்லை. அவன் கையால் செய்த ஒன்றைக் குறை சொல்லப்போய், அவன் மறுபடி சுவர் பக்கம் திரும்பிவிட்டால்? கல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைவிட அந்தச் சுவர்தான் அவளுக்குப் பயம்.

ஒரு சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, காய்ந்த துணியை எடுக்கத் தளத்தில் இறங்கினாள். போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கொடி ஓரமாக நடந்தவள் ஒரு துணிக் கவ்வி கீழே விழுந்ததும் நின்றாள். அவள் நின்ற பிறகு ஓர் அடி விழுந்தது. அவளுக்கு நேர் கீழே.

வலது குதிகாலைத் தூக்கினாள். கீழேயும் ஒன்று தூக்கியது. வைத்தாள். செருப்பையும் தாண்டி, உள்ளங்காலுக்கு உள்ளங்கால், ஏதோ வந்து பொருந்தியது. பாரமாக. குளிர்ந்து. பக்கத்துக் கல்லுக்கு மாறினாள். அங்கேயும். அதற்கடுத்த கல்லுக்குத் தாவினாள். அங்கே ஏற்கெனவே யாரோ நின்றுகொண்டிருந்தார்கள்.

போர்வையை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்து கதவைச் சாத்தினாள். பயம் என்றால் இதுதான், இத்தனை நாள் பயம் என்று நினைத்ததெல்லாம் வெறும் கவலை என்று தோன்றியது. மெஷின் முன்னால் உட்கார்ந்து தலையணை உறையைக் கையில் எடுத்தாள். உறையை எப்போதும் உள்பக்கம் வெளியே இருக்கும்படி வைத்துத்தான் தைப்பார்கள். நல்ல பக்கம் உள்ளே மறைந்திருக்கும். அவள் கை அப்படியே நின்றது. நடந்து நடந்து தேய்ந்த பக்கம் கீழே போய்விட்டது. அதில் நடந்தவர்கள் பின்னே எங்கே நடப்பார்கள்?

தம்பியிடம் அவள் சொல்ல வேண்டி வரவில்லை. மறுநாள் காலையில் அவனே கூப்பிட்டான்.

"அக்கா, ஒரு கல்லு மாறிடுச்சு. கேளு."

தட்டினான். டொண். பக்கத்துக் கல். டொண். அதற்கடுத்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்துப் போட்ட கல் ஒவ்வொன்றும், நேற்றுவரை தப் என்று சொன்ன ஒவ்வொன்றும், டொண், டொண், டொண். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேலி செய்வான் என்று காத்திருந்தாள். அவன் கடப்பாரையை எடுத்தான்.

இருவருமாகச் சேர்ந்து ஒரு கல்லை நெம்பி நிமிர்த்தினார்கள். கீழே கலவை அப்படியே, உலர்ந்து, ஒரு விரிசல்கூட இல்லாமல் இருந்தது. ஆனால் கல்லின் அடிப்பக்கத்தில் ஒரு துளி சிமெண்ட் ஒட்டவில்லை. அப்போதுதான் துடைத்து விட்டதுபோலப் பளபளத்தது. அதன் நடுவில், அந்த லேசான பள்ளத்தில், ஈரமாக ஒரு பாதம். குதிகால், வளைவு, ஐந்து விரல். காற்றுப் பட்டதும் அது ஓரத்திலிருந்து காய ஆரம்பித்தது. பெருவிரல் கடைசியாகக் காய்ந்தது.

"நம்ம காலு இல்ல அக்கா" என்றான் தம்பி.

"தெரியுதுடா."

"எல்லாத்தையும் பேத்து அந்த ஆள்கிட்டயே திருப்பி அனுப்பிடுவோம். எனக்கு எதுவும் வேண்டாம்." அது பழைய குரல். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவனின் குரல்.

அந்தக் குரலைக் கேட்டதும் அக்காவுக்குப் பாதத்தின் பயம் பின்னால் போய்விட்டது. "எதுக்குடா அனுப்பணும்? தப்பாத் தச்சா பிரிச்சுத் தைக்கிறதில்லையா? திருப்பிப் போடு, போதும். தேஞ்ச பக்கம் மேல."

"மேல வந்தா அவங்க எங்க போவாங்க?"

"எங்கேருந்து வந்தாங்களோ அங்க போவாங்க" என்றாள், எல்லாம் தெரிந்தவள் மாதிரி.

அவன் கடப்பாரையை மறுபடி கையில் எடுத்தான். "நீ சொன்னா சரி" என்றான்.

திருப்பினால் பொருந்தாது என்பது முதல் கல்லிலேயே தெரிந்துவிட்டது. சட்டையின் இடது கைத் துண்டைத் திருப்பிப் போட்டால் வலது கைத் துண்டாகிவிடும் என்று அவள்தான் விளக்கினாள். மொத்தத் தளத்தையும் எதிர்ப் பக்கத்திலிருந்து, கண்ணாடியில் தெரிகிற மாதிரி மாற்றிப் போடவேண்டும். எல்லாக் கல்லையும் பெயர்த்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். தேய்ந்த முகமும் தேய்ந்த முகமும் ஒன்றையொன்று பார்த்திருந்த இடங்களில் மட்டும் காலையில் ஈரம் இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

ஆனால் நடை நின்றுவிட்டது. தம்பி கல்லை வைக்க வைக்க, தப், தப், தப் என்று தட்டத் தட்ட, கொல்லை பழைய கொல்லையாக ஆனது. வாடை இல்லை. கல் வெயிலில் சுட்டது. காக்காய் ஒன்று வந்து தளத்தில் உட்கார்ந்து எச்சமிட்டுப் போனபோது அக்காவுக்குக் கும்பிடலாம்போல இருந்தது. தம்பி மறுபடி பேச ஆரம்பித்தான். "வழுக்கி விழுந்தா நீதான் தூக்கணும், இப்பவே சொல்லிட்டேன்" என்றான். "உன்னைத் தூக்கித்தானே என் இடுப்பு போச்சு" என்றாள் அவள்.

கடைசிக் கல் சமையலறைப் படிக்குப் பக்கத்தில். மேகம் மூடிய மத்தியானம், காற்றே இல்லை. தளத்தின்மேல் மண்டியிட்டு அவன் அந்தக் கடைசி இடைவெளியில் கலவையைப் பரப்புவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவளும் மெஷினில் கடைசித் தலையணை உறையை முடித்திருந்தாள். மூன்று பக்கமும் தைத்து, நாலாவது பக்கம் திறந்து விட்டிருந்த வாய்க்குள் கையை நுழைத்து, உறையை வெளியே இழுத்தாள். உள்ளே இருந்தது வெளியே வந்தது. மூலையைக் குத்தி நிமிர்த்தினாள். நல்ல பக்கம் முழுவதும் அவள் மடியில் விரிந்தது.

வெளியே இருந்தது உள்ளே போயிருந்தது.

அவள் அந்த உறையையே பார்த்தாள். உள்ளே இருந்தது வெளியே. வெளியே இருந்தது...

"டேய்! அந்தக் கல்லைப் போடாதே!"

தப். தப். தப்.

தலையை நிமிர்த்தினாள். ஜன்னலுக்கு வெளியே தளம் முடிந்திருந்தது. தம்பி இல்லை.

சமையலறைக் கதவுக்கு ஓடினாள். படியில் அவன் கழற்றிப்போட்ட செருப்பு. கடைசிக் கல்லின்மேல் ரப்பர் சுத்தியல், இன்னும் லேசாக ஆடிக்கொண்டு. வாளியில் மிச்சக் கலவை. கொல்லைச் சுவர் ஆள் உயரம். நொண்டிக் காலோடு அதை ஏற முடியாது. "டேய் பம்பரம்" என்றாள். மறுபடி கூப்பிட்டாள். பக்கத்து வீட்டில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அவ்வளவுதான்.

காய்ந்த கற்களில் ஈரப் பாதங்கள் இருந்தன.

எங்கிருந்தும் நடந்து வந்தவை இல்லை. ஒவ்வொரு கல்லின் நடுவிலும் தொடங்கின. எல்லா விரல்களும் வீட்டைப் பார்த்திருந்தன. அவள் பார்க்கப் பார்க்க ஒன்று படியில் விழுந்தது. அடுத்தது நிலைப்படியில். அடுத்தது அவள் புடவையை ஒட்டி, சமையலறைத் தரையில். யாரும் அவளை இடிக்கவில்லை. சில்லென்று ஒரு காற்று மட்டும் தோளை உரசிப் போனது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

அவள் உள்ளே திரும்பவில்லை. தளத்தில் இறங்கினாள். வெறுங்காலோடு. ஓர் அடி.

கீழே, டக்.

நின்றாள்.

சர்ர்.

பக்கத்துக் கல்லில் கால் வைத்தாள். டக், சர்ர். உள்ளங்காலுக்குக் கீழே வந்து நின்றது. குளிரவில்லை. இந்தக் கால் மட்டும் சூடாக இருந்தது.

"இருடா. இரு. தூக்கிடறேன். அக்கா தூக்கிடறேன்."

கடப்பாரையை எடுத்தாள். கடைசிக் கல்லின் விளிம்பில் வைத்தாள். நுழையவில்லை. நகத்தை விட்டுப் பார்த்தாள். நகம்கூட நுழையவில்லை. அத்தனை நேர்த்தி. அவன் கை வேலை. மண்டியிட்டாள். உள்ளங்கையைக் கல்லில் வைத்து அழுத்தினாள்.

கீழேயிருந்து தட்டினான். மூன்று முறை.

டொண். டொண். டொண்.

தலையைச் சாய்த்து, அவன் கேட்கிற மாதிரியே, காதைக் கல்லில் வைத்தாள். அவனும் கேட்டுக்கொண்டிருந்தான். அது அவளுக்குத் தெரிந்தது. "இங்கதான் இருக்கேன்" என்றாள். "போகாதே. எங்கேயும் போகாதே." சுத்தியலை எடுத்துத் திருப்பித் தட்டினாள். தப். தப். தப். பதில் இல்லை. மறுபடி தட்டினாள்.

டக், சர்ர்.

தள்ளிப் போனது.

டக், சர்ர். இன்னும் தள்ளி. கைபிடித்து யாரோ கூட்டிப்போகிற மாதிரி, தயங்கித் தயங்கி, ஆழத்துக்கு.

பின்னால், வீட்டுக்குள், தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது. முதலில் மெதுவாக. பழக்கமில்லாத கால். பிறகு வேகமாக.

அவள் காதை எடுக்கவில்லை. எடுத்தால் அந்த டக்கும் போய்விடும். கன்னத்தைக் கல்லோடு அழுத்திக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். கண்ணுக்கு நேரே, விரித்து வைத்த அவள் கைக்குப் பக்கத்தில், காய்ந்த கல்லில் ஓர் ஈரப் பாதம் விழுந்தது. பிறகு அதன் ஜோடி. பிறகு அந்தப் பக்கம் ஒரு ஜோடி. தலைமாட்டில் ஒரு ஜோடி. எல்லா விரல்களும் இப்போது அவளைப் பார்த்திருந்தன.